புழுவுக்கு வயசாகுது, அதோட செல்லுக்கு?

புழு எண்ணுபவன்:

பெங்களூருல ஜிகேவிகே (வேளாண் பல்கலைக்கழக வளாகம்) பக்கம் ஒரு லேப்ல ப்ராஜெக்ட் அசிஸ்டென்டா சேர்ந்து எட்டு மாசம் ஆச்சு. ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். இப்ப அல்சூர்ல மூணு பேரோட ஒரு ரூம். வேலை என்னன்னா, சி. எலிகன்ஸ்னு ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு என்னிக்குச் சாகுதுன்னு எண்ணுறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பிளேட்டை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில வச்சு, பிளாட்டினம் கம்பியால தலைப்பக்கம் மெல்லத் தொடணும். அசைஞ்சா உயிரோட இருக்கு. மூணு தடவை தொட்டும் சும்மா கிடந்தா நோட்டுல ஒரு கோடு. ஆச்சிகிட்ட போன்ல சொன்னேன். "செத்ததை எண்ணுறதுக்கா ஏசி ரூம்ல உக்கார வச்சுச் சம்பளம் குடுக்கான்?"னு கேட்டா.

போன வாரம் லேப் மீட்டிங்ல பேசச் சொன்னாங்க. முதல் ஸ்லைடுல எல்லாரும் போடுற படத்தைத்தான் நானும் போட்டேன்: செல் பிரியுது, டெலோமியர் (குரோமோசோமோட நுனி) குட்டையாகுது, பி16 (செல் பிரியறதைத் தடுக்கிற புரதம்) ஏறுது, செல் செனசென்ஸுக்குப் போகுது, அதாவது பிரியறதை நிரந்தரமா நிறுத்திடுது, அப்படிப்பட்ட செல்லைக் காட்டுற நீலச் சாயம் பிடிக்குது. அடுத்த ஸ்லைடு என்னோட புழு, டாஃப்-2 மியூட்டண்ட் (டாஃப்-2ங்கிற மரபணு சரியா வேலை செய்யாத புழு) ரெண்டு மடங்கு நாள் வாழுற கிராஃப். பக்கத்து லேப் சார் ஒருத்தர், "முதல் படத்துல இருக்குற செல் உன் புழுவுல எங்க இருக்கு, காட்டு"ன்னார். வாய் அடைச்சுப் போச்சு. இதுக்கு உங்க யாருக்காவது பதில் தெரியுமா?

இன்னொண்ணு. என்னோட சாதாரணப் புழு, அதாவது என்2, 120 எண்ணினதுல சராசரி 13 நாள்தான். அதே லேப்ல சீனியர் அக்காவுக்கு 18 வந்திருக்கு. 20 டிகிரி இன்குபேட்டர்தான், குஞ்சு உண்டாகாம தடுக்கிற எஃப்யுடிஆர் மருந்து போடலை. நடுவுல ஒரு சனிக்கிழமை ராத்திரி நாலு மணி நேரம் கரண்ட் இல்லை. இது போதாதுன்னு, வெள்ளிக்கிழமை முட்டை விடவச்ச அடுத்த பேட்ச் டாஃப்-2 குஞ்சுங்க மொத்தமும் ஒல்லியா, கறுத்து, தின்னாம குச்சி மாதிரி கிடக்கு. அதைத் தூக்கிப் போட்டுட்டேன்.

பழைய பிளேட்:

தம்பி, அந்தக் கறுத்த குச்சிகளைத் தூக்கிப் போட்டிருக்கக் கூடாது. அதுதான் உன்கிட்ட இருந்த தெர்மாமீட்டர்.

அது டாவர் லார்வா. கூட்டமும் பட்டினியும் வந்தா புழுக்குஞ்சு அந்த நிலைக்குப் போய், மாசக்கணக்குல தின்னாமலே காத்துக்கிடக்கும். நீ வச்சிருக்கிறது இ1370 அல்லீல்னா (டாஃப்-2 மரபணுவோட ஒரு மாறின வடிவம்), 15, 20 டிகிரியில ஒழுங்கா வளரும். 25-ல சாப்பாடு கொட்டிக் கிடந்தாலும் மொத்தமா டாவர் ஆயிடும். அதனாலதான் அந்த ஸ்ட்ரெய்னைக் குளிர்ச்சியில வளர்த்து, பெருசானப்புறம் ஆயுள் எண்ண ஆரம்பிக்கிறோம். முட்டையிலிருந்து வந்து முதல் தோல் உரிக்கிற சமயத்துல பட்ட சூடுதான் அதைத் தீர்மானிக்குது. நாலு மணி நேர மின்வெட்டுக்கு ஒரு பேட்ச் மொத்தமும் அப்படி ஆகாது. ஞாயிறு முழுக்க உன் இன்குபேட்டர் 20-ல இல்லைன்னு நான் பந்தயம் கட்டுறேன். கரண்ட் வந்ததும் செட்டிங் பழையபடி வந்துச்சான்னு போய்ப் பாரு.

ஆனா அஞ்சு நாள் குறைஞ்சதுக்கு அது மட்டும் காரணமா இருக்காது. எஃப்யுடிஆர் போடலைன்னா தாய்ப்புழுவைத் தினம் புதுப் பிளேட்டுக்கு மாத்திருப்பே. அதுல எத்தனை, வயித்துக்குள்ளேயே முட்டை பொரிச்சு, குஞ்சு தாயைத் தின்னு வெளிய வந்துச்சு? அதை எந்தக் கணக்குல எழுதினே?

அந்த சார் கேட்டது நல்ல கேள்வி. நானும் ஒரு காலத்துல அதே படத்தைப் போட்டவன்தான், என்னை யாரும் கேக்கலை, அவ்வளவுதான். வளர்ந்த புழுவுக்கு உடல் செல் 959. ஒண்ணுகூட அதுக்கப்புறம் பிரியாது, முட்டையும் விந்தும் உண்டாக்குற கருச்செல் வரிசை மட்டும்தான் பிரியும். பிரியாத செல் பிரியறதை நிறுத்துறதுன்னா என்ன அர்த்தம்? 1961-ல ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் பார்த்தது மனுசக் கருவோட ஃபைப்ரோபிளாஸ்ட், அதாவது இணைப்புத் திசு செல். ஏறக்குறைய ஐம்பது தடவை பிரிஞ்சு நின்னுபோச்சு. செனசென்ஸ்ங்கிற பேச்சு அங்கிருந்து வந்தது. புழுவுக்குப் பி16 மரபணுவே கிடையாது.

அப்போ புழு எதனால கிழமாகுது? தசை இழைகளோட அடுக்கு கலைஞ்சு போகுது, தொண்டை இறைக்கிற வேகம் குறையுது, மஞ்சள்கரு உடம்பெல்லாம் தேங்குது. 2002-ல ட்ரிஸ்கால் குழு அதை நுணுக்கமாப் பார்த்தப்ப, தசை கெட்டும் நரம்பு பெரும்பாலும் நல்லாவே இருந்துச்சு. இன்னொரு வேடிக்கை, ஒரே மரபணு, ஒரே பிளேட், ஒரே சாப்பாடு, ஆனா ஒண்ணு பத்தாம் நாள் சாகும், பக்கத்துல இருக்கிறது இருபத்தஞ்சு வரைக்கும் இருக்கும். என்னைக் கேட்டா செனசென்ஸை விட இதுதான் பெரிய புதிர்.

உன் ரெண்டாவது ஸ்லைடு 1993-ல சிந்தியா கென்யன் குழு காட்டினது. டாஃப்-2ங்கிறது இன்சுலின் ரிசப்டரோட சொந்தக்காரன்னு 1997-ல ருவ்கன் லேப் கண்டுபிடிச்சுது. அது அடங்கினா டாஃப்-16ங்கிற இன்னொரு புரதம் நியூக்ளியஸுக்குள்ள போய், செல்லைப் பராமரிக்கிற மரபணுக்களை எழுப்பும். டாஃப்-16 இல்லைன்னா கூடுதல் ஆயுளும் இல்லை. இந்தக் கதைக்கு டெலோமியர் தேவையே இல்லை. அந்த முதல் ஸ்லைடை எடுத்துடு.

எலிவளை:

நான் எலி ஆள். மேல சொன்னதோட ஒரு வார்த்தை. அந்தப் படம் தப்பில்லை, இடம்தான் தப்பு. மேயோ கிளினிக்ல வான் டியூர்சன் குழு, பி16 ஏறின செல்லை மட்டும் ஒரு மருந்து கொடுத்துக் கொல்லுற மாதிரி எலியை மாத்தினாங்க. 2011-ல சீக்கிரமே கிழமாகிற எலியில கண்புரையும் தசைத்தேய்வும் தள்ளிப்போச்சு, 2016-ல சாதாரண எலியிலயே ஆயுள் கூடிச்சு. ஆக, செனசென்ட் செல்லைக் குறை சொல்லணும்னா எலிகிட்டதான் சாட்சி இருக்கு.

எலியும் மனுசன் இல்லைங்கிறதையும் சேர்த்துக்கோங்க. லேப் எலிக்கு டெலோமியர் நீளம் ரொம்ப அதிகம். எலி ஃபைப்ரோபிளாஸ்ட் டிஷ்ல சீக்கிரம் நின்னுபோறது பெரும்பாலும் 20 சதவீத ஆக்சிஜனால. 3 சதவீதத்துல வச்சா பிரிஞ்சுக்கிட்டே இருக்கும்னு 2003-ல காம்பிசி லேப் காட்டிச்சு. நீலச் சாயத்தையும் கண்ணை மூடிக்கிட்டு நம்பாதீங்க. செல்லை நெருக்கமா வளரவிட்டு மறந்துட்டாலே நீலம் பிடிக்கும். நான் ஒரு தீபாவளி லீவு முடிஞ்சு வந்து அப்படி ஒரு "கண்டுபிடிப்பு" பண்ணியிருக்கேன்.

அல்சூர் ஏரிக்கரை:

நான் விஞ்ஞானம் படிச்சவன் இல்லை, பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆனவன். தஸாட்டினிபும் குவெர்செட்டினும் சேர்த்துச் சாப்பிட்டா கிழட்டு செல் எல்லாம் செத்துடும்னு வாட்ஸாப்ல வந்தது. அம்மாவுக்கு 84. வெங்காயத்துல குவெர்செட்டின் இருக்காமே?

எலிவளை:

ஐயா, வெங்காயத்துல இருக்குறது உண்மை. சாம்பார்ல போட்டுக் கொடுங்க, அம்மாவுக்குப் பிடிச்சா போதும். தஸாட்டினிப் ரத்தப் புற்றுநோய் மருந்து. ரத்த அணுக்கள் குறையும், நுரையீரலைச் சுத்தி நீர் கோக்கும். அந்த ஜோடி செனசென்ட் செல்லைக் கொல்லுதுன்னு 2015-ல வந்த ஆய்வு டிஷ் செல்லுலயும் எலியிலயும் நடந்தது. அம்மாவோட டாக்டர் எழுதித் தராம அந்தப் பக்கமே போகாதீங்க.

புழு எண்ணுபவன்:

பழைய பிளேட் அண்ணே, பந்தயத்துல ஜெயிச்சுட்டீங்க. கரண்ட் வந்ததும் இன்குபேட்டர் தானா 25-க்கு மாறியிருக்கு. கம்பெனியில இருந்து வந்தப்ப வச்ச எண் அது. திங்கட்கிழமை காலையில சீனியர் அக்கா பார்த்து 20-க்குத் திருப்பினாங்களாம், எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சு யார்கிட்டயும் சொல்லலை. அன்னிக்கு நான் ஹெப்பால் டிராஃபிக்ல ஒன்றரை மணி நேரம் மாட்டி லேட்டா வந்தேன், டிஸ்பிளேயில 20-தான் இருந்துச்சு.

வயித்துல குஞ்சு பொரிச்சதைச் செத்த கணக்குலதான் எழுதியிருக்கேன். நோட்டை மறுபடி பார்த்தேன், 120-ல 31. எல்லாம் ஆறாம் நாளை ஒட்டி. அதை விலக்கினா மிச்சம் 89-க்குச் சராசரி 15.5 வருது. மிச்ச ரெண்டரை நாளை அந்த 25 டிகிரி தின்னிருக்கும்னு நினைக்கேன். இந்த டேட்டாவை வச்சுக்கலாமா?

பழைய பிளேட்:

வச்சுக்கோ, ஆனா கிராஃப்ல போடாதே. அந்த 31-ஐ மொத்தமா அழிக்காதே, ஆறாம் நாள் வரைக்கும் உயிரோட இருந்துச்சுன்னு கணக்குல விட்டு, சென்சர்னு, அதாவது அதுக்கப்புறம் கணக்குல இல்லைன்னு குறி. பிளேட் சுவத்துல ஏறிக் காய்ஞ்சதுக்கும் இதேதான். புதுசா ஆரம்பிக்கும்போது என்2-வையும் டாஃப்-2-வையும் ஒரே நாள், இன்குபேட்டர்ல ஒரே அடுக்குல வை. எது எந்தப் பிளேட்னு தெரியாம எண்ணு, லேபிளை வேற யாராவது ஒட்டட்டும். இன்குபேட்டருக்குள்ள மினிமம் மேக்ஸிமம் தெர்மாமீட்டர் ஒண்ணு. டிஸ்பிளேயை நம்பாதே.

புழு எண்ணுபவன்:

தெர்மாமீட்டர் எஸ்.பி. ரோட்ல வாங்கியாச்சு. லேபிளை ரூம்மேட் ஒட்டுறான், அவன் ஐடி கம்பெனி, புழுவைப் பார்த்தாலே அருவருப்பு, மூடியைத் திறக்கவே மாட்டான். ஆச்சிகிட்ட முதல்ல இருந்து எண்ணணும்னு சொன்னேன். "செத்ததுக்கு அப்புறமும் கணக்கு முடியலையாலே?"ன்னா.