கறிவேப்பிலையில் புழு எப்போது வரும் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா?

மாடிச்செடி:
தொட்டியில் 3 கறிவேப்பிலை, 2 எலுமிச்சை. முதல் புழு கண்ட தேதியை வருடாவருடம் குறித்து வைக்கிறேன். போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் 19 நாள் வித்தியாசம். மழைக்குப் பிறகுதான் வருகிறது, ஆனால் எல்லா மழைக்கும் வருவதில்லை. குறிப்பேட்டில் வேறு என்ன எழுத வேண்டும்? சில புழு பறவை எச்சம் மாதிரியும் சில பச்சையாகவும் இருக்கின்றன. இரண்டு வகையா?

மண்வெட்டி:
தேதியை விடுங்கள், கொழுந்தை எழுதுங்கள். இந்தப் புழுவின் தாயான எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி முட்டையிடத் தேடுவது இளந்தளிரைத்தான். செடி கொழுந்து விடாவிட்டால் எவ்வளவு மழை பெய்தாலும் புழு குறைவு. நல்ல மழைக்குப் பின் கொழுந்து, கொழுந்துக்குப் பின் முட்டை. அதனால் மூன்று பத்தி போதும்: மழை அளவு, கொழுந்து கண்ட நாள், முதல் முட்டை கண்ட நாள். கவாத்து (கிளை வெட்டிவிடுதல்) செய்த நாளையும் ஓரத்தில் எழுதுங்கள். மழையே இல்லாமல் கொழுந்து வருவதற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

மழையளக்க: 11.3 செ.மீ. விட்டமுள்ள புனலின் வாய்ப்பரப்பு சுமார் 100 சதுர செ.மீ. அதைப் பாட்டிலில் செருகி வையுங்கள். சேர்ந்த தண்ணீரில் ஒவ்வொரு 10 மி.லி.யும் 1 மி.மீ. மழை. வேறு அளவுப் புனல் என்றால் மி.லி.யை 10-ஆல் பெருக்கி, வாய்ப்பரப்பால் வகுக்க வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் அளந்து கொட்டிவிடுங்கள். இரண்டு நாள் விட்டால் வெயிலில் கொஞ்சம் ஆவியாகிக் கணக்கு குறையும்.

இன்னொன்று, புனலில் விழுந்த மழையெல்லாம் தொட்டி மண்ணுக்குப் போய்விட்டதென்று நினைக்காதீர்கள். அடர்ந்த செடியில் இலை குடை மாதிரி தண்ணீரை வெளியே தள்ளிவிடும். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள், 5 மி.மீ. மழைக்குப் பிறகும் உள்ளே காய்ந்து கிடக்கும். உங்கள் ‘எல்லா மழைக்கும் வருவதில்லை’க்குப் பாதி பதில் அங்கேயே இருக்கலாம்.

சிறகு:
இரண்டும் ஒரே புழுதான். முட்டை வெளிர்மஞ்சள், குண்டூசித் தலையளவு, தளிரில் ஒவ்வொன்றாகத் தனியே இருக்கும். பொரித்ததும் கறுப்பும் வெள்ளையுமாக எச்சம் போலத் தெரியும். கடைசித் தோல் உரித்த பிறகுதான் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிற இரட்டைக் கொம்பு நீண்டு வாடை அடிக்கும். பயப்பட ஒன்றுமில்லை, கடிக்காது.

இலையில் பெரும்பகுதியை இந்தப் பச்சைப் பருவம்தான் தின்று தீர்க்கும். ஆகவே எச்சம் மாதிரி இருக்கும்போதே எண்ணிப் பாருங்கள். ஆளுயரச் செடி நாலைந்து புழுவைத் தாங்கும். முழங்கால் உயரக் கன்றில் இரண்டே இருந்தாலும் மொட்டையாகிவிடும். இலையோடு கிள்ளிப் பெரிய செடிக்கு மாற்றுங்கள்.

வேலியோரம்:
வேப்பெண்ணெய் அடித்தால் வேலை முடிந்தது: லிட்டருக்கு 5 மி.லி., கொஞ்சம் சோப்புக் கரைசல்.

சிறகு:
அளவு சரிதான். ஆனால் உச்சி வெயிலில் அடித்தால் கொழுந்து கருகும், மாலையில் அடியுங்கள். எலுமிச்சைத் தளிரில் பாம்பு நெளிந்த மாதிரி வெள்ளிக்கோடு இருந்தால் அது வேறு ஆள், இலைத்துளைப்பான். தோலுக்குள் இருந்து தின்பதால் மேலே அடிக்கும் மருந்து சரியாகப் படாது. அந்த இலைகளைப் பறிக்கவும் வேண்டாம், மீதிப் பச்சை செடிக்கு உதவும்.

மாடிச்செடி:
நன்றி. கூட்டுப்புழு ஒன்று பல நாளாக அப்படியே இருக்கிறது. செத்துவிட்டதா?

மண்வெட்டி:
தலைப்பக்கம் பிளந்து, மெல்லிய வெற்றுக்கூடாக இருந்தால் வண்ணத்துப்பூச்சி கிளம்பிவிட்டது. பிளக்காமல் பக்கவாட்டில் சின்ன வட்ட ஓட்டை இருந்தால் உள்ளே வளர்ந்தது ஒட்டுண்ணிக் குளவி. இரண்டும் இல்லையென்றால் விட்டுவையுங்கள், நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். குளவி ஓட்டை கண்டால் அதற்கும் ஒரு பத்தி போடுங்கள்; அது அடிக்கடி தென்படும் சமயத்தில் மருந்தைக் கையில் எடுக்காதீர்கள், குளவியும் சேர்ந்து போய்விடும்.

சிறகு:
கவாத்துக்கு முன் தையல்சிட்டு இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். குஞ்சு இருந்தால் உங்கள் புழுவைப் பொறுக்கும் வேலையைத் தாய்ச்சிட்டே பார்க்கும்.