ஜிஎஸ்ஆர் (வியர்வையால் மாறும் தோலின் மின்கடத்தல்) அளவு மேலே முட்டி நிற்கிறது. அப்படியே மேற்படிப்புக்கும் ஒரு வழி சொல்லுங்கள்

வெண்ணாற்றங்கரை:
வணக்கம். தஞ்சாவூர் பக்கம் பி.இ. பயோமெடிக்கல் மூன்றாம் வருடம் படிக்கிறேன். மனசு படுகிற பாட்டை உடம்பிலிருந்து அளக்கிற வேலை, அதாவது வியர்வை, துடிப்பு, மூச்சு, இதில்தான் மேலே போக ஆசை. சைக்கோபிசியாலஜி என்ற பெயரில் டிகிரி தேடினால் நம்ம பக்கம் ஒன்றும் சிக்கவில்லை. எம்.எஸ்சி. சைக்காலஜிக்குத் தாவுவதா, எம்.டெக்.கா?

இன்னொன்று, மினி புராஜெக்ட். ஆன்லைனில் வாங்கிய விரலுறை ஜிஎஸ்ஆர் மாட்யூலை ஆர்டுயினோ ஊனோவில் (சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு) போட்டிருக்கிறேன். மத்தியானம் லேபில் மாட்டினால் அளவு 1023-ல், அதாவது உச்சத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. ஏசி அறையில் நேர்க்கோடு. பின்னால் நின்று கைதட்டினாலும் அசையவில்லை. போர்டு போச்சா?

குடமுருட்டி:
போர்டு போகவில்லை தம்பி, அது அவ்வளவுதான். மலிவு மாட்யூலில் தோலும் ஒரு நிலையான ரெசிஸ்டரும் தொடராக இருக்கும், நடுவில் வோல்ட்டேஜ் எடுப்பார்கள். தோல் ஈரமாக ஆக அதன் மேல் விழும் வோல்ட்டேஜும் மாறிக்கொண்டே போகும். சித்திரை வெயிலில் வியர்த்த விரலைக் கொடுத்தால் முட்டி நிற்காமல் என்ன செய்யும்? விரலுறையில் தைத்திருப்பது நிக்கல் தகடு. அது போலரைஸ் ஆகி, அதாவது மேலே மின்னூட்டம் சேர்ந்து, ஆள் சும்மா இருக்கும்போதே கோடு மெல்ல நகரும்.

தோலின் மேல் மாறாத 0.5 வோல்ட் வைத்து, ஓடும் கரண்டை அளப்பதுதான் முறை. பாகம் அதிகம் வேண்டாம். எம்சிபி6002 ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் ஐசி) ஒன்று, சப்ளை 3.3 வோல்ட். 56 கிலோ ஓமும் 10 கிலோ ஓமும் பிரித்தால் சரியாக 0.5 வோல்ட் கிடைக்கும். அதை ப்ளஸ் உள்ளீட்டில் கொடுங்கள். மைனஸ் உள்ளீட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் விரல்கள். மைனஸுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவில் 200 கிலோ ஓம், அதன் குறுக்கே 0.22 மைக்ரோஃபாரட். ஐசிக்குள் மிஞ்சும் இன்னொரு ஆப்-ஆம்ப்பை மிதக்க விடாதீர்கள். அவுட்புட்டை அதன் மைனஸோடு சேர்த்து, ப்ளஸை அதே 0.5 வோல்ட்டில் கட்டிவிடுங்கள்.

இனி 1 மைக்ரோசீமன்ஸுக்கு (தோலின் மின்கடத்தலை அளக்கும் அலகு) 0.1 வோல்ட், அடியில் 0.5 வோல்ட் எப்போதும் நிற்கும். 20 மைக்ரோசீமன்ஸ் வந்தால் 2.5 வோல்ட். உள்ளங்கையின் சாதாரண அளவு 2 முதல் 20 வரை, ஆகவே முட்டாது. இரண்டு மின்வாயும் (எலக்ட்ரோடு) தவறி ஒட்டிக்கொண்டாலும் கரண்ட் 200 கிலோ ஓம் வழியாகத்தான் வர வேண்டும். 17 மைக்ரோஆம்பியரைத் தாண்டாது.

கைதட்டலுக்கு அசையாததற்குக் காரணம் வேறு. சத்தத்துக்கு வரும் எழுச்சி பொதுவாக 0.1 முதல் 1 மைக்ரோசீமன்ஸ்தான், 0.05-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஊனோவின் 10 பிட்டில் ஒரு படி 4.9 மில்லிவோல்ட். இந்தச் சர்க்யூட்டிலேயே அது 0.049 மைக்ரோசீமன்ஸ். பிடிக்க வேண்டிய மீன் அளவுக்கே வலையின் கண் இருக்கிறது! ஏடிஎஸ்1115 (வோல்ட்டேஜை நுணுக்கமாக எண்ணாக்கும் 16 பிட் சிப்) ஒன்று சேர்த்து 4.096 வோல்ட் ரேஞ்சில் வைத்தால் ஒரு படி 0.125 மில்லிவோல்ட், அதாவது 0.00125 மைக்ரோசீமன்ஸ். நொடிக்கு 20 சாம்பிள் போதும். தட்டிய உடனே எழும்பவில்லையே என்று பதற வேண்டாம், 1 முதல் 3 நொடி கழித்துத்தான் எழும்பும்.

விரலை மாட்டுமுன் ரெசிஸ்டரை மாட்டிப் பாருங்கள். 1 மெகா ஓமுக்கு 0.6 வோல்ட், 100 கிலோ ஓமுக்கு 1.5 வோல்ட் வரவேண்டும். வராவிட்டால் சாலிடரிங்கைப் பார்க்கவும், மனித மனத்தைப் பிறகு பார்க்கலாம்.

அரசலாறு:
சர்க்யூட் சரி. ஆனால் நம்ம ஊரில் பாதிப் புராஜெக்ட் மின்வாயில்தான் சாகிறது. சில்வர்/சில்வர் குளோரைடுதான் வேண்டும். கும்பகோணத்துப் பட்டறையில் வெள்ளிக் கம்பி கேட்டால் கொலுசு வெள்ளியை நீட்டுவார்கள், அதில் செம்பு கலந்திருக்கும். சுத்த வெள்ளி என்று சொல்லி வாங்குங்கள். லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கரைத்த தண்ணீரில் இரண்டு வெள்ளித் துண்டுகள், 1.5 வோல்ட் செல், தொடராக 1 கிலோ ஓம். ப்ளஸ்ஸில் இருக்கும் துண்டு சில நிமிடத்தில் சாம்பல் கலந்த பழுப்பாக மாறும். பிறகு இடம் மாற்றி மற்றதற்கும் பூச்சு ஏற்றுங்கள். சாலிடர் வைத்த இடம் தண்ணீரில் படவே கூடாது. பட்டால் ஈயமும் வேதியியலில் சேர்ந்துகொள்ளும்.

ஈசிஜி ஜெல்லைத் தடவாதீர்கள். உப்பு மிக அதிகம், அளவைச் செயற்கையாக ஏற்றிவிடும். வியர்வையை ஒத்த 0.05 மோலார் போதும். 100 மில்லிக்கு 0.29 கிராம் உப்பு, வாசனையில்லாத சாதாரண கிரீமில் குழைத்தது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நடுக்கணுவில் ஒட்டி, 5 முதல் 10 நிமிடம் ஊறவிட்டுத் தொடங்குங்கள். கையைத் தண்ணீரில் மட்டும் கழுவச் சொல்லுங்கள். சோப்பு போட்டால் மேல்தோல் ஊதி அளவு இறங்கும். அறை 22-24 டிகிரியில் இருக்கட்டும். அதற்குக் கீழே ஏசியை முறுக்கினால் கை சில்லிட்டு, நீங்கள் பார்த்த அதே நேர்க்கோடு வரும்.

படிப்பு விஷயம். சைக்கோபிசியாலஜி ஆராய்ச்சித் துறையாகத்தான் வளர்ந்தது. அதற்கான சங்கம் அமெரிக்காவில் 1960-லேயே வந்துவிட்டது. இங்கே இளநிலைப் பட்டத்தின் பெயராக அதைத் தேடுவது வீண். இன்ஸ்ட்ருமென்டேஷனில் ஒரு கால், சைக்காலஜியில் ஒரு கால் வைத்து பிஹெச்.டி.யில் சேர்வதுதான் வழி. என் கருத்து: முதலில் எம்.டெக். அதற்கான நுழைவுத் தேர்வான கேட்டில் பயோமெடிக்கல் தாள் 2020-லிருந்து தனியாக இருக்கிறது. கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். என்று ஒன்று உண்டு; சென்னை ஐஐடி, வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மூன்றும் சேர்ந்து நடத்துவது. மருத்துவமனைக்குள்ளேயே வேலை பழகலாம்.

முடிகொண்டான்:
அரசலாறு சொன்னதில் ஒரு இடத்தில் ஒத்துப்போக முடியவில்லை. கிளினிக்கல் இன்ஜினியரிங் கருவியை நோயாளி பக்கம் கொண்டுபோகும் படிப்பு. பரிசோதனையை எப்படி வடிவமைப்பது, கன்ட்ரோல் குழு, புள்ளியியல், இதெல்லாம் அங்கே மையமில்லை. தம்பிக்கு ஆசை கேள்வியின் மேலா, கருவியின் மேலா? கேள்வியின் மேல் என்றால் காக்னிட்டிவ் சயன்ஸ் எம்.எஸ்சி.யைப் பாருங்கள். காந்திநகர் ஐஐடியிலும் அலகாபாத் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது, பி.இ. முடித்தவர்களும் போகிறார்கள். பக்கத்திலேயே என்றால் சிதம்பரம்: அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையும் இன்ஸ்ட்ருமென்டேஷன் துறையும் ஒரே ஊரில் இருப்பது லேசான விஷயமில்லை.

தபாலில் எம்.ஏ. சைக்காலஜி போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைதூரத்திலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி நிறுத்திவிட்டது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆவது முற்றிலும் வேறு பாதை, அதற்கு ஆர்சிஐ (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு வேண்டும், எம்.டெக். அதற்கு உதவாது.

வெண்ணாற்றங்கரை:
ரொம்ப நன்றி அண்ணா. கேள்வியின் மேல்தான் ஆசை என்று நினைக்கிறேன். கூடவே ஏடி8232 என்ற ஈசிஜி சிப் வைத்து ஈசிஜி எடுத்து, எல்எஃப்/எச்எஃப் விகிதத்தில் (துடிப்பு இடைவெளியின் ஏற்ற இறக்கத்தில் மெதுவான அலைக்கும் வேகமான அலைக்கும் உள்ள விகிதம், ஏறினால் பதற்றம் என்று) 'ஸ்ட்ரெஸ்' காட்டலாம் என்று கைடு சொல்கிறார். செய்யலாமா?

முடிகொண்டான்:
ஈசிஜி எடுக்கலாம், ஸ்ட்ரெஸ் என்று எழுத வேண்டாம். எச்எஃப் பட்டை 0.15 முதல் 0.40 ஹெர்ட்ஸ், அதாவது நிமிடத்துக்கு 9 முதல் 24 மூச்சு. பிராணாயாமம் பழகியவர் உட்கார்ந்து நிமிடத்துக்கு 6 மூச்சு விட்டால் மூச்சின் அலை முழுவதும் 0.1 ஹெர்ட்ஸில், எல்எஃப் பக்கம் விழும். உலகத்திலேயே அமைதியாக இருப்பவரை உங்கள் திரை பதற்றக்காரர் என்று சொல்லும். மூச்சையும் ஒரு பெல்ட் கட்டிப் பதிவுசெய்யுங்கள், ஆர்எம்எஸ்எஸ்டியை (அடுத்தடுத்த துடிப்பு இடைவெளிகள் எவ்வளவு மாறுகின்றன என்ற அளவு) கொடுங்கள், 5 நிமிடப் பதிவாக எடுங்கள். சாம்பிள் நொடிக்கு 500. ஏடிஎஸ்1115-ஐ இதற்கும் பங்குபோடாதீர்கள். அதன் உச்சமே 860, சேனல் மாற்றி மாற்றி எடுத்தால் ஆர் அலையின் (ஈசிஜியில் ஒவ்வொரு துடிப்பின் கூர்முனை) நேரம் ஆடும்.

குடமுருட்டி:
ஒன்று விட்டுப்போச்சு. ஆள் மேல் மின்வாய் ஒட்டியிருக்கும்போது லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். பாதுகாப்புக்கு அதுதான் முதல் காரணம், எர்த் சரியில்லாத கட்டடங்கள் நம்ம பக்கம் நிறைய. பக்கத்தில் போர் மோட்டார் ஓடும்போது ஏறும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலும் பெருமளவு இறங்கிவிடும்.