ஸ்டார் ஓஷன் இஎக்ஸ் பார்த்துவிட்டு கேமுக்குள் நுழைபவர்கள் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள்? அனுபவப் பகிர்வு

ஸ்டார் ஓஷன் இஎக்ஸ் என்பது ஸ்டார் ஓஷன்: தி செகண்ட் ஸ்டோரி என்ற ஆர்பிஜி கேமை வைத்து எடுத்த அனிமே. 2001-ல் ஸ்டூடியோ டீன் எடுத்த அதன் 26 எபிசோடும் கேம் கதையின் முன்பாதிதான். எக்ஸ்பெல் கிரகத்தோடு அனிமே நின்றுவிடும். மீதிக் கதையை டிராமா சிடியாக, அதாவது ஒலி நாடகமாக விட்டார்கள். கேமிலும் அதே இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எலுரியா கோபுரம் முடிந்து, அடுத்த உலகமான எனர்ஜி நீட் போய்விட்டால், எக்ஸ்பெல் ஊர்களுக்குத் திரும்ப வழியே இல்லை. ஆர்லியா, க்ராஸ், லாக்கூரில் பாக்கி இருக்கும் பிரைவேட் ஆக்‌ஷன் (கூட்டாளிகளோடு தனியாகப் பேசும் காட்சிகள்) எல்லாமே போச்சு. 1998 பிளேஸ்டேஷன் பதிப்பில், ஊருக்குள் நுழையும் முன் வாசலில் நின்று சதுர பட்டனை அழுத்தினால் கூட்டம் பிரிந்து ஊருக்குள் போகும். அப்போது யாரிடம் என்ன பேசுகிறீர்கள் என்பதை வைத்துத்தான் நட்பு ஏறும், இறங்கும். கடைசியில் யாருக்கு யாரோடு முடிவு என்பதும் அதில்தான் இருக்கிறது. எலுரியாவுக்குக் கிளம்பும் முன் தனி ஸ்லாட்டில் ஒரு சேவ் போட்டு வையுங்கள்.

*

ஆட்களைச் சேர்ப்பதிலும் அனிமேவை நம்பாதீங்க. அதில் ஆஷ்டனும் ஓபராவும் ஒன்றாகவே வருவார்கள். கேமில் ஒருவர் வந்தால் மற்றவர் கிடையாது. சால்வா சுரங்கத்தில் ஆஷ்டனுக்கு உதவப் போனால் அவர் முதுகில் இரண்டு டிராகன் தலைகள் ஒட்டிக்கொள்ளும், அவரும் கூடவே வந்துவிடுவார். அத்தோடு ஓபரா இல்லை. ஓபரா இல்லாமல் எர்னஸ்டும் சேர மாட்டார். பிரிசிஸ், போமன் விஷயமும் இப்படித்தான். ஆட்டத் தொடக்கத்தில் கிளாட், ரெனா இருவரில் ஒருவரை நாயகராக எடுக்க வேண்டும்; கிளாடை எடுத்தால் மட்டும் லியோன் சேருவார், ரெனாவை எடுத்தால் மட்டும் டியாஸ். மொத்தம் எட்டுப் பேர், சண்டையில் நாலு பேர். ஒரே ஆட்டத்தில் எல்லாரையும் பார்த்துவிடலாம் என்ற ஆசையே வேண்டாம்.

*

கிளாடை எடுத்தவர்கள் இந்த வாளை விட்டுவிடாதீர்கள். லாக்கூரில் காம்ஜி என்ற கொல்லர் வழியாகக் கிடைக்கும் ஷார்ப் எட்ஜை விற்கவே கூடாது. ஆயுதத்தோடு கனிமம் சேர்த்து மாற்றும் கஸ்டமைஸ் திறனில் அதோடு டமாஸ்கஸ் சேர்த்தால் மைனஸ் ஸ்வோர்டு. அதோடு மித்ரில் சேர்த்தால் எடர்னல் ஸ்ஃபியர். இரண்டு முறையும் கிளாடை வைத்தே செய்யுங்கள். தோற்றால் வாளும் போகும், கனிமமும் போகும்; கையில் மிஞ்சுவது குப்பை. அதனால் உலக வரைபடத்தில் நின்று சேவ் போட்டுவிட்டு, ஒவ்வொரு படியாக முயலுங்கள், சரியாக வராவிட்டால் ரீலோட். முதல் படி வந்தவுடனே மறுபடி சேவ். இரண்டையும் ஒரே மூச்சில் செய்யப் போய் மைனஸ் ஸ்வோர்டையும் தொலைப்பதுதான் வழக்கமாக நடக்கிற தப்பு. கனிமம் போதவில்லையா? செலீன் அல்லது ரெனாவுக்கு, இரும்பை வேறு கனிமமாக மாற்றும் ஆல்கெமி திறனை ஏற்றி இரும்பைக் கொடுங்கள்.

எடர்னல் ஸ்ஃபியரின் பலம் வெறும் தாக்குதல் எண்ணில் இல்லை. ஒவ்வொரு வீச்சிலும் சின்ன நட்சத்திரங்கள் சிதறி எதிரியைத் தனியாக அடிக்கும். எதிரிக்கு மந்திரம் சொல்ல இடைவெளியே கிடைக்காது. இவ்வளவு சீக்கிரம் இது கையில் வந்தால் எக்ஸ்பெல் முழுக்கச் சவாலே இல்லாமல் போய்விடும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

*

ஊர் ஆட்களிடம் திருடும் பிக்பாக்கெட் திறன் பற்றி ஒரு வார்த்தை. அதற்கான அணிகலன் வேண்டும், பிரைவேட் ஆக்‌ஷனில்தான் வேலை செய்யும். ஆனால் திருடத் திருடக் கூட்டாளிகளின் நட்பு குறையும். நல்ல முடிவுக்காக ஆடுபவர்கள் ரொம்பக் கை வைக்க வேண்டாம்.

*

2023-ல் வந்த செகண்ட் ஸ்டோரி ஆர் பதிப்பில் பாதித் தலைவலி இல்லை. பிரைவேட் ஆக்‌ஷன் எங்கே இருக்கிறது என்று வரைபடமே காட்டும், ஊருக்கு ஊர் உடனே தாவலாம். ஆள் சேர்க்கும் கட்டுப்பாடுகள் மட்டும் அப்படியே.

கடைசியாக, லிமிட்டர், அதாவது இறுதி எதிரியின் பலத்தைக் கட்டி வைத்திருக்கும் தடை. அது கழலக் காரணம் ஃபிலியா என்ற பெண்ணைச் சந்திக்கும் பிரைவேட் ஆக்‌ஷன். அதைப் பார்த்துவிட்டு பழைய சேவ் மேலேயே எழுதினால், பல மடங்கு பலமான எதிரியோடுதான் மோதியாக வேண்டும். முதல் முறை முடிப்பவர்கள் அந்தக் காட்சிக்கு முந்தைய சேவைத் தனியாக வைத்திருங்கள். கழற்றியே ஆடுவேன் என்பவர்கள் முதலில் ஃபன் சிட்டி வழியாகப் போகும் 13 மாடி சோதனைக் குகையில் லெவலை ஏற்றிக்கொண்டு வாருங்கள்.