டர்போ பெட்ரோல் எஞ்சின் 1200 ஆர்.பி.எம்.-இல் ஏன் தயங்குகிறது?

கேள்வி

நான் ஓட்டுவது மூன்று சிலிண்டர் கொண்ட ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் கார். உச்ச முறுக்குவிசை 1750 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) முதல் 4000 வரை ஒரே அளவில் கிடைக்கும் என்று அதன் விவரக் குறிப்பில் போட்டிருக்கிறது. ஆனால் வேகத்தடையைத் தாண்டியபின் மூன்றாவது கியரிலேயே, முள் 1200-ஐக் காட்டும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால், வண்டி இரண்டு மூன்று வினாடி மந்தமாக நகர்ந்துவிட்டு, பிறகு திடீரென்று முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல் பாய்கிறது. முன்பு வைத்திருந்த, டர்போ இல்லாத 1.5 லிட்டர் கார் இப்படிச் செய்ததில்லை. 1800-இல் சீராகப் போய்க்கொண்டிருக்கும்போது மிதித்தாலும் சிறு தாமதம் இருக்கிறது. டர்போவில் கோளாறா, குறிப்பில் போட்டிருப்பது பொய்யா?

பதில் 1

இரண்டும் இல்லை. நீங்கள் சொல்வதில் இரண்டு வேறு வேறு சங்கதிகள் கலந்திருக்கின்றன.

முதலாவது 1200-இல் நடப்பது. நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் காற்றை இழுக்கும் என்பதால், உங்கள் ஒரு லிட்டர் எஞ்சின் அந்த வேகத்தில் நிமிடத்துக்கு 600 லிட்டர், அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 12 கிராம் காற்றைத்தான் உள்வாங்குகிறது. அது எரிந்து வெளியேறும் புகை, டர்போவில் புகையால் சுழலும் சக்கரமான டர்பைனை வேண்டிய வேகத்துக்குச் சுழற்றப் போதாது. டர்பைனோடு ஒரே அச்சில் சுழன்று காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கம்ப்ரஸர் தரும் அழுத்த உயர்வு ஏறக்குறைய அதன் சுழல்வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், பாதி வேகத்தில் பாதி அழுத்தம் கூடக் கிடைக்காது, கால்பங்குதான் கிடைக்கும். ஆகவே அந்த நேரத்தில் உங்கள் காலடியில் இருப்பது வெறும் ஒரு லிட்டர் எஞ்சின். பழைய 1.5 லிட்டர் காரோடு ஒப்பிட்டால் அது தோற்பதில் வியப்பில்லை.

இரண்டாவது 1800-இல் நீங்கள் உணரும் தாமதம். சீராகப் போகும்போது, எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் மடலான த்ராட்டில் பெரும்பாலும் மூடியே இருக்கும். புகையும் குறைவு, டர்பைனும் மெதுவாகத்தான் சுற்றும். நீங்கள் மிதித்ததும் காற்று கூடி, அதனால் புகை கூடி, அதனால் டர்பைன் வேகமெடுத்து, மறுபடி காற்று கூட வேண்டும். இந்தச் சுழற்சிக்குப் பிடிக்கும் நேரத்தைத்தான் டர்போ லேக் என்கிறோம். குறிப்பில் உள்ள எண், சோதனை மேடையில் முழு த்ராட்டிலில் எஞ்சினை ஒரே வேகத்தில் நிறுத்தி, எல்லாம் நிலைகொண்ட பிறகு அளந்தது. எண் உண்மைதான்; டர்பைன் ஏற்கெனவே வேகமெடுத்துவிட்ட எஞ்சினுக்கு உரியது, அவ்வளவே.

பதில் 2

அந்த 1750 என்ற எண் எவ்வளவு பாடுபட்டுக் கிடைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1975-இல் வந்த போர்ஷே 911 டர்போவில் இந்தத் தாமதம் பெயர்பெற்ற ஒன்று. இன்று டர்பைனையே சிறியதாக வைத்துவிடுகிறார்கள். குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் சீறுவதுபோல, குறைந்த புகையும் அதன் குறுகிய வழியில் வேகமாகப் பாயும். அதற்குக் கொடுக்கும் விலை மேல் வேகத்தில் தெரியும்: மிஞ்சும் புகையை டர்பைனைத் தொடாமல் வேஸ்ட்கேட் என்ற மாற்று வழியே திருப்பிவிட வேண்டும், அப்படியும் 5000-க்கு மேல் எஞ்சினுக்கு மூச்சு முட்டும்.

என் பார்வையில் இதைவிட அழகான உத்தி வால்வுகளில் இருக்கிறது. குறைந்த வேகத்தில் முழுச் சுமை வரும்போது, உள்வால்வும் வெளிவால்வும் சற்று நேரம் சேர்ந்து திறந்திருக்கும்படி எஞ்சின் கணினி செய்கிறது. உள்ளே வரும் காற்றின் அழுத்தம் அதிகமென்றால், அது சிலிண்டரில் தங்கிய பழைய புகையைத் துடைத்துக்கொண்டு டர்பைனுக்கே போய், அதைச் சுழற்றும் பாய்வையும் கூட்டுகிறது. பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பின்னர் தெளிப்பதால், இதில் எரிபொருள் வீணாவதில்லை. நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் புகைத் துடிப்புகள் ஒன்றோடொன்று மோதாதிருக்க இரட்டைப் பாதை கொண்ட டர்பைன் வைப்பதுண்டு. உங்கள் மூன்று சிலிண்டரில் துடிப்புகள் 240 டிகிரி இடைவெளியில் வருவதால் அந்தச் சிக்கலே பெரிதாக இல்லை.

பதில் 3

விளக்கங்கள் சரி, ஆனால் முக்கியமான எச்சரிக்கையை இருவரும் விட்டுவிட்டீர்கள். டர்போ பெட்ரோல் எஞ்சினை உயர்ந்த கியரில் 1200-இல் வைத்து முழுதாக மிதிப்பது நல்ல பழக்கமன்று. குறைந்த வேகத்தில் சிலிண்டர் அழுத்தம் உச்சத்தை எட்டும்போது, எரிபொருளோடு கலந்த ஆயில் துளி போன்ற ஒன்று ஸ்பார்க் வருவதற்கு முன்பே தீப்பற்றலாம். அதன் அடி சாதாரண நாக்கிங்கைப்போல் (எரிபொருள் தாறுமாறாக எரிவதால் வரும் தட்டல்) அல்ல, பிஸ்டனில் ரிங் அமரும் விளிம்பையே உடைக்கக்கூடியது. இதைத் தடுக்கவென்றே 2018-இல் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏ.பி.ஐ.) எஸ்.என். பிளஸ் என்ற ஆயில் தரம் வந்தது. ஆகவே கையேட்டில் சொன்ன தரத்துக்குக் குறைந்த ஆயிலை ஊற்றாதீர்கள்.

வேகத்தடைக்குப் பிறகு இரண்டாவது கியருக்கு இறங்குங்கள். பொதுவான கியர் விகிதங்களில் 1200 என்பது 1800-க்கு அருகில் போய்விடும், சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசையும் கூடும். 2500-க்கு மேலும் இழுவை இல்லையென்றால் மட்டும், டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாய் இணைப்புகளில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

கேட்டவர்

இரண்டு நாளாக இரண்டாவது கியரில் முயன்றேன். தயக்கம் இப்போது ஒரு வினாடி கூட இல்லை. 2500-க்கு மேல் இழுவையிலும் குறை தெரியவில்லை. இதே எஞ்சின் கொண்ட, டார்க் கன்வர்ட்டர் (கிளட்ச்சுக்குப் பதில் திரவத்தின் மூலம் விசையைக் கடத்தும் பாகம்) உள்ள ஆட்டோமேட்டிக் காரை ஓட்டிப் பார்த்தபோது இந்தக் குறையே தெரியவில்லையே, அது ஏன்?

பதில் 3

கன்வர்ட்டர் வழுக்க இடம் கொடுப்பதால், மிதித்தவுடன் எஞ்சின் மட்டும் 2000-ஐத் தாண்டிவிடும், சக்கரம் பிறகு வந்து சேரும். கிளட்ச் இறுகப் பிடித்திருக்கும் உங்கள் காரில், வண்டியே வேகமெடுத்தால்தான் எஞ்சினும் அந்த வேகத்துக்குப் போக முடியும்.