மறு: இன்சுலினை இடம் மாற்றிப் போடுவதற்கு ஒரு சொல் – ‘முறையூசி’

அனைவருக்கும் வணக்கம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கான நம் கையேட்டில், ஊசியை ஒரே இடத்தில் போடாமல் இடம் மாற்றிப் போடுவதற்கு ‘முறையூசி’ என்ற சொல்லைச் சொல்லியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில்:

> ‘இடச்சுழற்சி’ போதுமே. எல்லோருக்கும் புரியும்.

நமக்குப் புரியும். நீடாமங்கலத்தில் இருக்கும் என் அம்மாவுக்குப் புரியவில்லை. சுழற்சி என்றதும் தொப்புளைச் சுற்றி வட்டமாகக் குத்தச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

அம்மா பத்து வருஷமாக ஒரே இடத்தில்தான் போட்டு வந்திருக்கிறார், தொப்புளுக்கு வலப்பக்கம் மூன்று விரல் தள்ளி. போன மாதம் தொட்டுப் பார்த்தேன். எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்தாற்போல தோலுக்கடியில் ஒரு மேடு. அழுத்தினால் ரப்பர் மாதிரி இருந்தது.

“ஏம்மா இங்கயே போட்டுக்கற?”

“இங்கதாண்டா வலிக்க மாட்டேங்குது.”

விஷயமே இதுதான். ஓரிடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் அங்கே கொழுப்பு தடித்து, உணர்ச்சி மங்கிவிடுகிறது. வலிக்குப் பயந்தவர்கள் அங்கேயே ஒதுங்குகிறார்கள். ஆனால் அந்த மேட்டில் போட்ட மருந்து சீராக இரத்தத்தில் கலப்பதில்லை. சர்க்கரை இறங்கவில்லையே என்று அளவு கூடிக்கொண்டே போனது. யாரையும் கேட்காமல் நானே ஒருநாள் ராத்திரி அதே அளவை இடப்பக்கம் போட்டுவிட்டேன். விடியற்காலை நாலு மணிக்கு அம்மாவுக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. நல்லவேளை, விழுங்க முடிந்தது. சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து மீட்டோம். மேட்டை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது அளவைக் குறைக்க வேண்டியிருக்கும், மருத்துவரைக் கேட்டுத்தான் மாற வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. கையேட்டில் இந்த வரியைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

இனி சொல். எங்கள் ஊர்ப் பக்கம் மூணாறு தலைப்பு என்ற மதகில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பாசனத் தண்ணீர் பிரிகிறது. பற்றாக்குறை வருஷங்களில் சில நாள் இந்த ஆறு, அடுத்து அந்த ஆறு என்று முறை வைத்துத்தான் விடுவார்கள். ‘முறைப்பாசனம்’ அரசாணையிலும் இருக்கிறது, வரப்பில் நிற்பவர் வாயிலும் இருக்கிறது. அம்மாவிடம், “வயித்த நாலாப் பிரிச்சுக்க. மேட்டத் தொடாத. இந்த வாரம் வலது மேல, அடுத்த வாரம் வலது கீழ. ஒரு குத்துக்கும் அடுத்த குத்துக்கும் ஒரு விரல் இடம் விடு” என்றேன். “முறை விடற மாதிரியா?” என்றார். அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

> ‘முறையூசி’ என்றால் ‘முறையாகப் போடும் ஊசி’ என்று பொருள்படாதா?

முறைப்பாசனத்தை யாரும் முறையான பாசனம் என்று படிப்பதில்லை. ஒண்டுக்குடித்தன வீடுகளில் குடித்தனக்காரர்கள் முறை போட்டு வாசல் தெளிக்கும் முறைவாசலும் அப்படித்தான். விட்டுவிட்டு வரும் சுரத்துக்கு முறைக்காய்ச்சல் என்று பெயர் உண்டு, ஆகவே மருத்துவத்துக்கும் இது புதிதல்ல. வினையாகச் சொல்லும்போது ‘முறை வைத்துப் போடுங்கள்’ என்று இயல்பாக வந்துவிடுகிறது. ‘சுழற்சி செய்யுங்கள்’ என்று யார் வீட்டில் பேசுகிறார்கள்?

> மேட்டுக்குக் ‘கொழுப்புக் கழலை’ எனலாமா?

வேண்டாம். அது வேறொரு கட்டிக்கு ஏற்கெனவே வழங்கும் பெயர். கேட்பவர் புற்றோ என்று கலங்குவார். என் பரிந்துரை ‘ஊசிக்காய்ப்பு’. மண்வெட்டி பிடித்த கை காய்த்து மரத்துப்போவதைப் பார்த்தவர்கள் நாம். காய்ப்பு மேல்தோலில் வருவது, இதுவோ உள்ளே இருக்கும் கொழுப்பு, அதைவிட மெத்தென்றும் இருக்கும். அந்தக் குறை எனக்கும் தெரிகிறது. ஆனாலும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பட்டதால் வந்தது, உணர்ச்சி மங்கியது என்ற இரண்டையும் இந்த ஒரு சொல் சொல்லிவிடுகிறது.

வலியைக் குறைக்கும் வழிகளும் அதே பக்கத்தில் வரட்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு போட்டால் வலிக்கும், கொஞ்ச நேரம் வெளியே வைக்க வேண்டும். ஸ்பிரிட் தடவினால் காய்ந்த பிறகு குத்த வேண்டும். ஒரே ஊசியைப் பல நாள் வைத்துக்கொண்டால் முனை மழுங்கும். அதனால் வலியும் வரும், காய்ப்பும் வரும்.

காய்ப்பு விழுந்த இடத்தை மாதக்கணக்கில் தொடாமல் விடுவதற்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது. ‘ஓய்விடம்’ என்று எழுதி வைத்திருந்தேன். அம்மா ‘அது தரிசு’ என்கிறார். கையேட்டில் அதையே போட்டுவிடலாமா?