தக்கலை பக்கம் பாதசாரிகள் கடக்குமிடம்: யாரிடம் மனு கொடுக்கலாம்?

தக்கலைக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே, தேசிய நெடுஞ்சாலை 66-இல் எங்கள் ஊர் நிறுத்தத்துக்கு எதிரே ஜீப்ரா கிராசிங் போட்டிருக்கிறார்கள். கோடு பளிச்சென்று இருக்கிறது. நிற்கத்தான் ஒரு வண்டியும் இல்லை. கையைக் காட்டினால் ஹாரன் அடிக்கிறார்கள். பெரிய வண்டி ஒன்று மனமிரங்கி நின்றாலும், அதன் இடப்பக்கமாகப் பைக் புகுந்து வருகிறது. உண்மையில் இதுதான் அதிக ஆபத்து, நடப்பவருக்கு அந்தப் பைக் கண்ணில் படுவதே இல்லை. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பிள்ளைகள் ஓடித்தான் கடக்கிறார்கள்.

சிக்னல் இல்லாத கடப்பிடத்தில் வேகத்தைக் குறைத்து, நின்று, பாதசாரிக்கு வழிவிட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் சொல்கின்றன. ஓட்டுநர் உரிமம் வாங்கும்போது படித்ததாக யாருக்காவது நினைவிருக்கிறதா?

எனக்கு வேண்டிய உதவி இதுதான். கடப்பிடத்தையே சற்று உயர்த்திக் கட்டும் மேடை நம் மாவட்டத்தில் எங்காவது அமைத்திருக்கிறார்களா? நெடுஞ்சாலையில் அதற்கு அனுமதி கிடைக்குமா? திங்கட்கிழமை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுப்பதா, போக்குவரத்துக் காவல்துறையிடம் போவதா? சாலைப் பாதுகாப்புக் குழு வரை கொண்டு சென்றவர்கள் இருந்தால் மனுவின் மாதிரியைப் பகிருங்கள். "மக்கள்தான் பார்த்துப் போக வேண்டும்" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம், அண்ணன்மாரே. அது தாராளமாகக் கிடைத்துவிட்டது.