கரவெட்டி வீடு குழு: ஞாயிறு முப்பத்தொன்று

வியாழன், 24 யூலை 2025, இரவு 7 மணி (பாரிஸ்)

சுகந்தி: எல்லோரும் ஒருக்கா பாருங்கோ. கீழே கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவுக்குள் ஒரு வாகனமும் வர ஏலாதாம். நிற்கிற காரையும் இழுத்துக்கொண்டு போவார்களாம்.

சுகந்தி: 📷

வாசுகி: ஞாயிறா? அன்றைக்குத்தானே மாமியின் முப்பத்தோராம் நாள் கிரியை!

லதா: ஏனாம்? ஆர்ப்பாட்டமோ?

நிரோஷன்: தூர் து பிரான்ஸ் கடைசி நாள். இந்த முறை மொன்மார்த்தர் ஏறி வருகிறார்கள். எங்கட ரூ லெப்பிக்கால்தான் 🚴

மாலா: சைக்கிளுக்கு ஏன் தம்பி ரோட்டைப் பூட்டுகிறார்கள்?

குமார்: ஐயோ அக்கா, ஏன் கேட்டீர்கள். ரவி எழுதத் தொடங்கியிருப்பான்.

ரவி: மாலா அக்கா, இது சும்மா சைக்கிள் ஓட்டம் இல்லை. 1903 இல் ஒரு பத்திரிகை தன் விற்பனையைக் கூட்டுவதற்காகத் தொடங்கிய போட்டி. அந்தப் பத்திரிகை மஞ்சள் தாளில் வந்தது, முன்னுக்கு நிற்பவனுக்கு மஞ்சள் சட்டை வந்ததும் அதனால்தான். இந்த வருடம் யூலை 5 லீலில் வெளிக்கிட்டார்கள். 21 கட்டம், 3,300 கிலோமீற்றருக்கு மேல், 23 அணி, அணிக்கு 8 பேர். ஒவ்வொரு நாளும் எடுத்த நேரத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். மொத்த நேரம் யாருக்குக் குறைவோ அவன்தான் வென்றவன். ஒரு நாள்கூட முதலாவதாக வராமலும் ஒருவன் முழுப் போட்டியையும் வெல்லலாம்.

சுகந்தி: ரவியண்ணா, சாப்பாடு எப்படி வரும் என்று முதலில் சொல்லுங்கோ.

வாசுகி: லாச்சப்பலில் சொல்லி வைத்த ஆளுக்கு இப்பதான் எடுத்தேன். ரோடு பூட்டினால் வான் விடமாட்டாராம். முன்காசு வேறு கொடுத்தாச்சு.

தயா: மெத்ரோவில் கொண்டுவரலாம். லாச்சப்பல், எங்கட பிளான்ஷ் ஸ்டேஷன் இரண்டும் 2ஆம் லைன்தான்.

லதா: சாம்பாரையா சித்தப்பா?

வாசுகி: 60 பேருக்கு 😳

தயா: பிளான்ஷ் அன்றைக்குத் திறந்திருக்குமோ என்றும் பார்க்க வேணும்.

ரவி: பதற வேண்டாம். சைக்கிள்காரர் மாந்த் லா வில்லிலிருந்து பின்னேரம்தான் வெளிக்கிடுவார்கள். 132 கிலோமீற்றர். பாரிஸுக்குள் வந்து சுற்றி, மொன்மார்த்தரை மூன்று தரம் ஏறி இறங்கி, சாம்ஸ் எலிசேயில் முடிய ஏழு மணி தாண்டும். எங்கள் வீட்டுக்கிருத்தியம் காலையில், படையல் மதியம். வழக்கமாகக் கடைசி நாள் ஊர்வலம் மாதிரித்தான் போகும், மஞ்சள் சட்டைக்காரன் சம்பெயின் கிளாஸோடு படத்துக்கு நிற்பான். போன வருடம் ஒலிம்பிக்கால் பாரிஸுக்கே வராமல் நீஸில் முடித்தார்கள். அதே ஒலிம்பிக்கில் சைக்கிளை மொன்மார்த்தரால் விட்டபோது சனம் அள்ளுப்பட்டது. அந்த ருசியில்தான் இந்த முறை இங்கே கொண்டுவருகிறார்கள்.

சுகந்தி: பின்னேரம்தான் வருவார்களென்றால் ரோட்டை ஏன் காலையிலேயே பூட்டுகிறார்கள்?

ரவி: வேலி போட வேணும். அதோடு வழக்கமாகச் சைக்கிளுக்கு முன்னால் விளம்பர வண்டிகள் வரிசையாக வரும். இனிப்பு, தொப்பி எல்லாம் எறிவார்கள்.

மாலா: ஐயர் எப்படி வருவார்?

தயா: நடந்து.

குமார்: சைக்கிளில்.

நிரோஷன்: 😂😂

குமார்: பகிடியை விடுவோம். ரவி வீட்டில் வைத்தால் என்ன? லா கூர்நெவ்வில் கார் விட இடம் இருக்கு.

சுகந்தி: அம்மா கடைசிவரைக்கும் இருந்தது இந்த வீட்டில்.

குமார்: நான் வசதிக்குச் சொன்னேன்.

சுகந்தி: அப்போதும் எல்லோரும் வசதிக்குத்தான் சொன்னீர்கள்.

மாலா: சண்டை வேண்டாம். நாளும் மாற்றக்கூடாது, இடமும் மாற்றக்கூடாது. இங்கே நாங்கள் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியைக்கு எல்லாம் ஒழுங்கு செய்தாச்சு.

லதா: கல்வெட்டு நினைவுப் புத்தகத்தின் புரூஃப் வந்திருக்கு. பிள்ளைகள் வரிசையில் ரவி மாமாவின் பெயர் குமார் மாமாவுக்கு மேலே நிற்கிறது. அப்படித்தானோ?

குமார்: எப்படி? மூத்தவன் நான்.

ரவி: அச்சகக்காரர் மாறி அடித்திருப்பார்.

குமார்: அச்சகக்காரருக்கு லிஸ்ட் கொடுத்தது யார்?

நிரோஷன்: ரவி மாமா, இந்த முறையும் வெல்லப்போவது பொகாச்சர்தானே?

ரவி: அவனைத் தவிர யார்? 2020, 2021, 2024 மூன்றும் அவன்தான். இன்றைக்கு கூர்ஷுவெல் ஏற்றத்தில் ஓகொன்னர் என்ற அவுஸ்திரேலியாக்காரன் முதலாவதாக வந்தான், ஆனால் மொத்தத்தில் பொகாச்சர் நாலு நிமிடத்துக்கு மேல் முன்னுக்கு. இரண்டாவது விங்கெகோர், டென்மார்க்காரன். முந்தி மீன் தொழிற்சாலையில் வேலை செய்தவன், 2022, 2023 இரண்டும் அவன் வென்றது.

குமார்: நானும் இங்கே கனடாவில், ஸ்கார்பரோவில் மீன் வெட்டினேன். ஒருவரும் எனக்குச் சட்டை தரவில்லை.

வாசுகி: 😂

ரவி: 1980 இல் வென்ற ஸூட்டமெல்க் யாருடைய அணியில் ஓடினான் தெரியுமோ? ராலி சைக்கிள் கம்பெனி. எங்கள் அப்பா ஓடின அதே ராலி.

மாலா: அப்பா ஞாயிறு ஞாயிறு அதைத் திண்ணையோடு சாத்தி வைத்து, செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, கம்பி கம்பியாகத் துடைப்பார். டைனமோவை எங்களைத் தொடவும் விடமாட்டார்.

குமார்: அந்த ராலியை நெல்லியடிச் சந்தியில் துலைத்துவிட்டு வந்தவர்தான் இப்போது எங்களுக்கு வகுப்பு எடுக்கிறார்.

ரவி: துலைக்கவில்லை. பூட்டிவிட்டுத்தான் படத்துக்குப் போனேன். களவு போனது.

குமார்: எத்தனை வருடமாக இதே கதை.

மாலா: களவு போகவில்லை. அப்பாதான் மற்றத் திறப்பைப் போட்டு எடுத்துக்கொண்டு போய் விற்றவர். குமாரின் பயணக் காசில் குறைந்தது. நீங்கள் இரண்டு பேரும் இவ்வளவு நாளும் தெரியாமலா அடிபட்டீர்கள்?

லதா: 😮

வாசுகி: இவர் போனைக் கீழே வைத்துவிட்டார்.

வெள்ளி, 25 யூலை 2025, காலை

குமார்: அக்கா, எவ்வளவுக்கு விற்றார்?

சுகந்தி: இப்ப உங்களுக்கு அங்கே இரவு இரண்டு மணி அண்ணா. படுங்கோ.

நிரோஷன்: இன்றைக்கு அல்ப்ஸில் பாதையைக் குறைத்துவிட்டார்கள்! சேசி மலைப் பக்கம் மாடுகளுக்குத் தோல் கழலை நோயாம். 130 கிலோமீற்றர் இப்ப 95தான்.

மாலா: மாட்டுக்கா? அந்த வருத்தம் இங்கேயும் வந்தது. எங்கள் சிவப்பிக்கு உடம்பெல்லாம் கட்டி கட்டியாக வந்து, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினோம். பிழைத்துவிட்டாள்.

நிரோஷன்: இங்கே அந்த மந்தையையே கொன்றுவிட்டார்கள் பெரியம்மா.

மாலா: ஐயோ, ஏன்? அந்த வாயில்லாச் சீவன்களை!

ரவி: மற்ற மாடுகளுக்குப் பரவாமல் இருக்க, அக்கா. இது இலையான், நுளம்பு போன்ற கடிக்கிற பூச்சியால் பரவும், மனிதருக்குத் தொற்றாது. சைக்கிள்காரருக்குப் பயம் இல்லை, மாட்டுக்காரரின் துக்கத்தையும் மதித்துத்தான் அந்தப் பக்கம் போகாமல் விட்டார்கள்.

சுகந்தி: மாடு காணும். சாப்பாட்டுக்கு வாங்கோ.

தயா: கறிகளைச் சனி இரவே கொண்டுவந்து வைத்தால்?

மாலா: படையலுக்கு முதல்நாள் கறியோ?

சுகந்தி: படையலுக்கு நான் விடியச் சமைப்பேன். வருகிற ஆட்களுக்குத்தான் கேட்கிறேன்.

நிரோஷன்: வான் பிளஸ் து கிளிஷி வரைக்கும் வந்தால் போதும் அம்மா. நாங்கள் பெடியள் நாலு பேர் கடை இழுவைப் பைகளில் ஏற்றிக்கொண்டு வருகிறோம்.

ரவி: சரியான யோசனை. போட்டியிலும் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பின்னால் வரும் அணிக் காரிடம் போய், சட்டைக்குள் ஏழெட்டுத் தண்ணீர்ப் போத்தல் அடைத்துக்கொண்டு திரும்ப முன்னுக்கு மிதித்து வந்து எல்லோருக்கும் கொடுப்பார்கள். தலைவனுக்கு முன்னால் காற்றை வாங்கிக்கொண்டு ஓடுவதும் அவர்கள்தான், பின்னால் ஒளிந்து வருபவனுக்குக் களைப்பு நிறைய மிச்சம். கடைசியில் பேப்பரில் வருவது தலைவனின் பெயர்.

சுகந்தி: ஓம். தெரியும்.

வாசுகி: இவரைத் தூக்கக் கூப்பிட வேண்டாம். முழங்கால் வருத்தம். விளக்கம் மட்டும் தருவார்.

லதா: நான் கார் து நோரில் இறங்கி நடந்து வருகிறேன். பாக்கியம் மாமியை யார் கூட்டிக்கொண்டு வருவது?

ரவி: ஏற்றம் 1.1 கிலோமீற்றர்தான். சராசரி 5.9 வீதம்.

வாசுகி: பாக்கியம் மாமியின் காலுக்கு வீதம் தெரியாது.

தயா: சனி இரவே வந்து எங்களோடு படுக்கட்டும்.

சுகந்தி: எந்த அறையில்?

குமார்: கல்வெட்டில் பெயர் வரிசை எப்படி இருந்தாலும் எனக்குப் பரவாயில்லை. ரவியின் பெயர் மேலே நிற்கட்டும்.

ரவி: வேண்டாம் அண்ணா. உங்கள் பெயர்தான் மேலே வர வேணும். நான் அச்சகத்துக்குச் சொல்கிறேன்.

லதா: இன்றைக்கு மூன்று மணிக்கு அச்சுக்குப் போகுது. யாராவது ஒரு முடிவு சொல்லுங்கோ.

மாலா: சுகந்தியின் பெயரை மேலே போடுங்கோ.

லதா: உண்மையாகவா பெரியம்மா?

தயா: ஐயர் எடுத்தார். ஒன்பது மணிக்கு வருவாராம். பின்னேரம் வரைக்கும் நின்றுவிட்டுப் போகலாமோ என்றும் கேட்கிறார். உங்கள் வீட்டுப் பால்கனி ரோட்டுப் பக்கமோ என்றும் கேட்டார்.

நிரோஷன்: 😂😂😂

சுகந்தி: துக்க வீடு இது. பால்கனியில் நாலு பேருக்கு மேல் நிற்கவும் ஏலாது.

ரவி: நான், ஐயர், நிரோஷன். அப்ப இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கு.

வாசுகி: வான்காரர் எடுக்கிறார். கிளிஷி வரைக்கும் வருவாரோ என்று கேட்டுவிட்டு வருகிறேன், பொறுங்கோ.